துளசிமணி அக்கா இழுத்துப் பார்க்காத துணி

வியாழக்கிழமை பகல் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்தில் கவிதா போன் செய்தாள். "எஸ்தரக்கா, அம்மா போயிட்டாங்க" என்றாள். நான் கேட்ட முதல் கேள்வியை எழுதக் கூச்சமாக இருக்கிறது. "நல்லாப் பாத்தியா? மூக்குக்கிட்ட கைய வெச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன். வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் போனை வைத்திருப்பாள். கவிதா, துளசிமணி அக்காவின் மகள். "வெச்சுப் பாத்தனுங்க. டாக்டரும் பாத்துட்டாரு. அம்மா இருந்திருந்தா இதத்தான் மொதல்ல கேட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். அதற்குப் பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்கள் படிக்க அம்மாவைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கவிதா கேட்டிருக்கிறாள். நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, எதை விடுவது, எதைச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். அக்கா எங்களைத் திருடர்கள் என்று சொன்னதையும் எழுதலாமா என்று கேட்டேன். "அத எழுதறதுன்னா எழுதுங்க, இல்லைன்னா ஒண்ணுமே எழுத வேண்டாம்" என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

துளசிமணி அக்காவைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நல்லூரில் நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் பகுதியின் பொறுப்பாளர். தைத்து முடித்த துணி பெட்டிக்குள் போவதற்கு முன்னால் நாற்பது பெண்கள் மேசையில் விரித்துப் பார்ப்போம். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எங்கே இருக்கிறதோ அங்கே சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவோம். நாங்கள் நாற்பது பேரும் பார்த்து முடித்ததை அக்கா ஒருவர் மறுபடியும் பார்ப்பார். கழுத்துப் பட்டைக்கு வைக்கிற ரிப் துணியின் விளிம்பில் வெட்டிய பட்டையை முடிந்து அதில் மூக்குக்கண்ணாடியைக் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கண்ணாடியைப் போடுவதற்கு முன்பே கை வேலையைத் தொடங்கிவிடும். துணியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழுப்பு. "பாத்தது பாதி, இழுத்துப் பாத்தாத்தான் மீதி" என்பது அவர் அன்றாடம் சொன்ன வார்த்தை. சந்தையில் கத்தரிக்காயையும் காம்பைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். நான் ஒரு தீபாவளிச் சீட்டில் வந்த புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு போனபோது, எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அக்கா வெள்ளைத் துணித்துண்டைத் தண்ணீரில் நனைத்து என் முந்தானையில் தேய்த்துவிட்டு, சிவந்துபோன துண்டை என் கையில் கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் துண்டு சிவந்திருந்தது உண்மை.

நானும் என் கணவர் தாசும் தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அக்கா பரம்பரையாக இந்த ஊர் நெசவுக் குடும்பம். கிருத்திகை தவறாமல் முருகனுக்கு விரதம் இருப்பவர். கணவர் முன்பே தவறிவிட்டார். கவிதாவைப் பெருமாநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தார். அவர் வீட்டு வளவுக்குள் வரிசையாக ஐந்து வாடகை அறைகள் இருந்தன. கடைசி அறைக்கு நாங்கள் குடி வந்தோம். குடி வந்த அன்று எங்கள் ஊரையும், உறவையும், எந்தச் சர்ச் என்பதையும் விசாரித்தார். நாங்கள் சொன்ன சர்ச்சுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய், இவர்கள் இங்கே வருகிறவர்கள்தானா என்று வாசலில் கேட்டுவிட்டும் வந்தார். இதை எனக்குச் சொன்னதும் அவரேதான். ஒளித்து வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

இனி கோழி விஷயத்துக்கு வருகிறேன். அக்கா வளவின் பின்பக்கம் நாட்டுக்கோழி வளர்த்தார். சாயங்காலமானால் அவற்றைப் பஞ்சாரத்தில், அதாவது மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதற்குள், அடைத்து மேலே ஒரு கல்லை வைப்பார். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஓர் ஐப்பசி மழையில் கோழிகள் காணாமல் போகத் தொடங்கின. விடிந்து பார்த்தால் கல் கீழே கிடக்கும், கூடை கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஒரு கோழி குறையும். ரத்தம் இல்லை, ஓர் இறகுகூடச் சிந்தியிருக்காது. நாய் தூக்கியிருந்தால் இப்படிச் சுத்தமாக இருக்காது, மனிதக் கைதான் இவ்வளவு சுத்தமாக வேலை செய்யும் என்று அக்கா முடிவு கட்டினார். தாஸ் அப்போது நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிஃப்டில் இருந்தார். பொழுது விடியும் முன் வளவின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிற ஒரே ஆள் அவர்தான்.

அக்கா நேராகக் கேட்கவில்லை. இந்த ஊரில் யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை. "ஏனுங்க தாசு, வெள்ளனே வரும்போது கோழி கீழி கண்ல பட்டுச்சுங்களா?" என்று கேட்டார். மறுவாரம், "அந்தக் கல்லு எத்தன கனம் இருக்குமுங்க, உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் இதற்குக் கெட்ட வார்த்தையிலேயே திட்டிவிடுவார்கள், மனசுக்குக் கொஞ்சம் இதமாகவாவது இருக்கும். மரியாதையோடு சந்தேகப்படுகிறவரிடம் சண்டைகூடப் போட முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து கோழிக் குழம்பு வைத்தேன். பிராய்லர் கோழி, காலையில் கடையில் வெட்டி வாங்கியது. கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் அக்கா வந்து நின்றார். அவர் வீட்டிலேயே மரம் இருக்கிறது. குழம்பை எட்டிப் பார்த்தார். "நான் கிருத்திகை, இன்னிக்குத் தின்னமாட்டன், நாளைக்குப் பாத்துக்கறன், ஒரு துண்டு குடு" என்று கிண்ணத்தில் வாங்கிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து நான் துணி காயப்போடப் போனபோது, அவர் பின்வாசல்படியில் உட்கார்ந்து அந்தத் துண்டின் எலும்பை இரண்டு விரலால் ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டுக்கோழி எலும்பு அவ்வளவு லேசில் ஒடியாது. ஒடிந்தது. என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நான் வீட்டுக்குள் வந்து, நாளைக்கே வேறு வீடு பார்ப்போம் என்று தாசிடம் குதித்தேன்.

தாஸ் அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார். "இப்பம் காலி பண்ணுனா நாமதான் களவாண்டோம்னு ஆயிரும்லா. கோழி எங்க போச்சுன்னு தெரியாம நான் இந்த வளவ விட்டு நகர மாட்டேன். நாளைக்கு வேற எங்க போனாலும் இந்தப் பேரு கூடவே வரும்" என்றார். அவர் சொன்னது சரி. நல்லூரில் ஒரு வளவில் பேர் கெட்டால் அடுத்த தெருவில் வீடு கிடைக்காது. இரண்டு பேரும் ஒரே தொழிலில் இருக்கிறோம், கம்பெனிக்கும் அந்தப் பேச்சு போகும். கோழிக் களவு சின்ன விஷயம் என்று இதைப் படிக்கிறவர்கள் யாரும் நினைக்க வேண்டாம்.

மறுநாள் தாஸ் அக்காவிடம் போய், நல்ல கோழிக்கூடு ஒன்று கட்டித் தருகிறேன், பூட்டும் சாவியும் உங்களிடமே இருக்கட்டும், அதற்குப் பிறகு கோழி போகிறதா என்று பாருங்கள் என்றார். அக்கா உடனே சரி என்று சொல்லவில்லை. கூட்டைக் கட்டினவனுக்குத்தானே அதில் நுழையும் வழி தெரியும் என்று அதையும் சந்தேகப்பட்டார். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். வேலை தாஸ் செய்வது, எந்தப் பொருளைப் போடுவது என்று அக்கா சோதித்து முடிவு செய்வது, இரண்டுக்கும் நான் சாட்சி.

அப்படித் தொடங்கிய சோதனை ஒன்றரை மாதம் நடந்தது. கம்பெனியில் துணிக்குச் செய்கிற அத்தனையையும் அக்கா கோழிக்கூட்டுக்குச் செய்தார். தாஸ் முதலில் பிளைவுட் பலகை போடலாம் என்றார். அக்கா ஒரு துண்டு வாங்கி, குண்டாவில் கொதிக்கவைத்து, நிழலில் காயவைத்து, மறுபடியும் கொதிக்கவைத்தார். மூன்றாவது தடவை பலகை ஊதி, ஏடு ஏடாகப் பிரிந்து வந்தது. சுற்றி நின்ற நான்கு வீட்டுப் பெண்களுக்கும் ஆளுக்கொரு ஏட்டைக் காட்டினார். அடுத்தது மரம். வெளிநாட்டு மிஷின் வந்து இறங்குகிற பெட்டிகளின் பலகை இந்த ஊரில் மலிவு. அதில் ஒரு துண்டு, வேப்பம்பலகையில் ஒரு துண்டு, இரும்பு ஆங்கிளில் ஒரு துண்டு என்று மூன்றையும் கறையான் புற்று ஓரமாகப் புதைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஓர் அம்பு ஸ்டிக்கர் ஒட்டிய குச்சியை நட்டார். ஒரு மாதம் கழித்துத் தோண்டினால் மிஷின் பெட்டிப் பலகை கையோடு உதிர்ந்தது. வேம்பு அப்படியே இருந்தது, ஆனாலும் ஓரத்தில் ஒரு மண்கோடு ஏறியிருந்தது. "இன்னிக்குக் கோடு போட்டது நாளைக்குக் குடி வந்துரும்" என்று அக்கா அதையும் தள்ளினார். ஆக, சட்டம் முழுக்க இரும்பு என்று முடிவானது.

வலைக்குத்தான் பெரிய விசாரணை நடந்தது. அறுகோணக் கண் வைத்த கோழிவலையைக் கடைக்காரர் எடுத்துக் காட்டியதும் அக்கா இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். கண் விரிந்து கை போகிற அளவுக்கு ஆனது. கடைக்காரர், இருபது வருடமாக இதைத்தான் விற்கிறேன், ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்லை என்றார். "கோழிங்க வந்து சொல்லுமுங்களா?" என்று அக்கா கேட்டார். பிறகு பற்றவைத்த கம்பிவலையில், அரை அங்குலக் கண் உள்ளது நான்கு ரகம் வாங்கி வந்தோம். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். எங்கள் ஊரில் இரும்பு எதுவும் இரண்டு வருடம் தாங்காது, உப்புக்காற்று தின்றுவிடும். அதனால் உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் எந்த முலாம் நிற்கும், எது துருப்பிடிக்கும் என்று பத்தே நாளில் தெரிந்துவிடும் என்றேன். அக்கா வாளியை எடுத்து வந்து வைத்தார். "உப்புக்கு எதுக்கு வீணாச் செலவு பண்றது? நம்ம போர்த் தண்ணியே போதும்" என்றார். சாயப்பட்டறைத் தண்ணீர் இறங்கி இறங்கி எங்கள் வளவுப் போரின், அதாவது ஆழ்குழாயின், தண்ணீரில் அந்த நாளில் பருப்பு வேகாது, குழாய்கள் ஆறு மாதத்தில் பொத்துப்போகும். வாளியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து நான்கு வலைத் துண்டுகளையும் ஊறப்போட்டோம். இரண்டு சிவந்தன, ஒன்று வெளுத்தது, ஒன்று போட்டது போலவே இருந்தது. அதைப் பாலிதீன் கவரில் போட்டு, மேலே அக்கா கையெழுத்துப் போட்டு, தாசிடமும் என்னிடமும் கையெழுத்து வாங்கி, ஆணியில் மாட்டினார். கம்பெனியில் ஒப்புக்கொண்ட சாம்பிளை அப்படித்தான் மாட்டி வைப்போம். கடையிலிருந்து மொத்த வலை வந்தபோது கவரைப் பிரித்துக் கம்பியோடு கம்பி வைத்துப் பார்த்தார். வந்தது ஒரு நூல் மெல்லிசாக இருந்தது. வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

கூரைக்குக் கீற்று வேண்டாம், எலியும் கோழிப்பேனும் குடியிருக்கும் என்றார். தகரம் போட்டு மேலே சுண்ணாம்பு அடித்து வெயிலைக் குறைத்தோம். தரைக்குச் சிமெண்ட். பெருச்சாளி தோண்டாதபடி சுற்றிலும் ஒரு முழம் ஆழத்துக்கு வலையை மண்ணுக்குள் இறக்கினோம். எறும்பு ஏறாமல் தீவனத் தட்டு வைத்த ஸ்டூலின் நான்கு காலுக்கும் தண்ணீர் நிறைத்த கிண்ணம். உட்காரும் குச்சியில் வெடிப்பு இருந்தால் பேன் ஒளியும் என்று, வெடிப்பில்லாத குழாயாகப் போட்டார். சுவரின் கீழ்ப்பாதி தகரம், மேல்பாதி வலை. இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டியும், திருப்பி அனுப்பிய வலைக்குப் பதிலாக வந்தது அளவில் கொஞ்சம் குறைந்துவிட்டது. பின்பக்கம் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி நின்றது. மீதி வலை வர ஒரு மாதம் ஆகும் என்றார் கடைக்காரர். மழை வானத்தில் நின்றது.

தாஸ் ஒரு தகரத் துண்டை வைத்து அடித்துவிடலாம் என்றார். அந்த ஓர் இடத்தை மட்டும் இவர் ஏன் தன் கையால் அடைக்க ஆசைப்படுகிறார் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "வேண்டாமுங்க. அதுக்கு நம்ம துணியே போதும்" என்று சொல்லி, கழித்துப்போட்ட இன்டர்லாக் பனியன் துணியை நாலு மடிப்பாக மடித்து, ரிப் பட்டையால் இறுக்கிச் சுற்றி, அந்த இடைவெளியில் தானே திணித்தார். தாஸ் மறுபடியும் ஏதோ சொல்ல வந்தார். "துணியப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க தாசு" என்றார் அக்கா. தாஸ் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

எல்லாம் முடிந்ததும் கடைசிச் சோதனை. துணியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக் கண்டுபிடிக்க, கண்ணாடி மேசைக்கு அடியில் டியூப்லைட்டை எரியவிட்டு மேலே துணியை ஓட்டிப் பார்ப்போம். ஓட்டை இருந்தால் வெளிச்சம் கசியும். அக்கா அதே வழியைக் கூட்டுக்குச் செய்தார். உச்சி வெயிலில், வலைப்பக்கம் எல்லாம் கறுப்புத் துணியைப் போர்த்தச் சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஐம்பத்தைந்து வயதில் தவழ்ந்து உள்ளே போய், வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொன்னார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "இங்க ஒண்ணு. மூலைல ஒண்ணு." வெளிச்சம் கசிந்த இடத்திலெல்லாம் அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வெளியே வந்தார். தாஸ் ஒவ்வொன்றையும் அடைத்தார். இரண்டாவது முறை உள்ளே போனபோது ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. "பாஸ்" என்று சொல்லிவிட்டு, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு கோழி குறைந்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது. தாஸ் கூட்டைச் சுற்றி வந்து, அந்தத் துணி அடைத்த இடத்தைப் பார்க்கச் சொன்னார். அக்கா பார்த்தார். வைத்த துணி வைத்த இடத்தில், வைத்தபடியே இருந்தது. நானும் பார்த்தேன், நூல்கூட விலகவில்லை. அதற்கடுத்த வாரம் இன்னொன்று போனது. அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். "சாவிக்கு மாத்துச் சாவி போடறதெல்லாம் இந்தக் காலத்துல பெரிய வேலை இல்லீங்க. நான் உங்களச் சொல்லலீங்க. மாசக் கடைசிக்கு வேற ஊடு பாத்துக்குங்க" என்றார். நான்கு வீட்டு வாசலிலும் ஆள் நின்றார்கள். தாஸ் அன்றைக்கு ஷிஃப்டுக்குப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு நான் சர்ச்சுக்குப் போகவில்லை. என்னால் ஜெபம் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். உச்சி வேளையில் அக்காவிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். எதற்கு என்றார். நானும் பதினோரு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறேன், நீங்கள் பாஸ் செய்த பீஸை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். அந்த வார்த்தைக்கு அவரால் மறுப்புச் சொல்ல முடியாது. சாவியைக் கொடுத்துவிட்டு, நான் உள்ளே எதையாவது செய்துவிடுவேனோ என்று கூடவே வந்து பின்பக்கம் நின்றுகொண்டார். கறுப்புத் துணியைப் போர்த்தி உள்ளே தவழ்ந்து போனேன். இருட்டு. எச்சத்தின் நெடி மூக்கில் ஏறியது. எங்கும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு ஆத்திரத்தில், அவர் எல்லாவற்றையும் செய்வது போலவே நானும் கைக்கு எட்டியதையெல்லாம் பிடித்து இழுக்கத் தொடங்கினேன். வலையை இழுத்தேன், தகரத்தை இழுத்தேன், குழாயை இழுத்தேன். எதுவும் அசையவில்லை. கடைசியாக அந்தப் பனியன் துணியை இழுக்கப் போனபோது, கை அதன் மடிப்புகளுக்கு நடுவே போய்விட்டது. மணிக்கட்டு போனது, முழங்கை போனது, தோள் வரைக்கும் போனது. விரல் நுனியில் வெயில் சுட்டது.

வெளியே அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் பாஸ் செய்த சுவரிலிருந்து என் கை முளைத்து நின்றது. கையை உள்ளே இழுத்தேன். துணி சுருங்கிப் பழையபடி சேர்ந்துகொண்டது, இருட்டு திரும்பியது. "எஸ்தரு," என்றார் அக்கா, குரல் வேறு மாதிரி இருந்தது. "மறுக்கா நீட்டு." நீட்டினேன். இழுத்துக்கொண்டேன். மூன்று தடவை நீட்டச் சொன்னார்.

பனியன் துணியின் குணமே அதுதான். விரித்தால் விரியும், விட்டால் சேரும். அந்தக் குணத்துக்காகத்தான் உலகம் முழுக்க எங்களிடம் வாங்குகிறார்கள். உள்ளே நுழைந்தது எதுவோ, அது அந்தத் துணியை விரித்துத்தான் நுழைந்திருக்கிறது, அதன் பின்னால் துணி சமர்த்தாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. தாஸ் ஏணி போட்டு, பக்கத்தில் பூட்டிக் கிடந்த குடோனின் கூரை மேலே ஏறினார். ஒரு மூலையில் கோழி இறகு குவியலாகக் கிடந்தது. பிரித்து எடுத்த துணியில் சாம்பல் நிற மயிர் ஒட்டியிருந்தது. மரநாய் என்றார் அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவர். கறையானையும் துருவையும் கடைக்காரரையும் எங்களையும் சந்தேகப்பட்ட அக்கா, தன் கையால் வைத்த துணியை மட்டும் இழுத்துப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மன்னிப்புக் கேட்கமாட்டார், வீடு காலி செய்யச் சொன்னதை மட்டும் சத்தமில்லாமல் மறந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். இதை எழுதும்போது என் நினைப்புக்கு வெட்கப்படுகிறேன்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஓட்டைத் துணியைக் கவனிக்காமல் பாஸ் செய்து, அது வாங்குகிற வெளிநாட்டுப் பையரிடம் போய்த் திரும்பி வந்தால், பாஸ் செய்தவள் எல்லோர் முன்னாலும் அந்தத் துணியை விரித்துக் காட்டி, இது என் கை என்று சொல்ல வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அக்காதான். அதற்கு அழாத பெண் எங்களில் இல்லை. திங்கட்கிழமை டீ நேரத்தில் அக்கா ஒரு மஞ்சள் பையோடு வந்தார். அதிலிருந்து அந்த அழுக்குத் துணியை எடுத்து, டியூப்லைட்டுக்குக் கீழே விரித்தார். கோழி எச்சம், மயிர், மழைக்கறை எல்லாம் அதில் இருந்தன. நாற்பது பேரும் டம்ளரோடு நின்றோம். "இத பாஸ் பண்ணுனது நானுங்க" என்றார். "இதுக்காக எஸ்தரு ஊட்டுக்காரரத் திருடன்னு சொன்னதும் நானுங்க. எங்கெங்க சொன்னனோ அங்கெல்லாம் நானே போயிச் சொல்லிட்டு வாரன்" என்றார். சொன்னபடியே, வளவின் நான்கு வீட்டுக்கும், முக்குக் கடைக்கும், தாஸ் வேலை பார்த்த நிட்டிங் கம்பெனி வாட்ச்மேனுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வாட்ச்மேனிடம் போய் எங்களைப் பற்றிச் சொல்லியிருந்தார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் அவரை முழுசாக மன்னித்தேன் என்று எழுதினால் அது பொய். ரொம்ப நாள் வரைக்கும் அவர் கொடுத்த குழம்பை நானும் எலும்பு ஒடித்துப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். அவரும் திருந்திவிடவில்லை. அந்த இடைவெளியைத் தாஸ் தகரம் வைத்து அடைத்த பிறகு ஒரு கோழிகூடப் போகவில்லை. ஆனாலும் மாதம் ஒரு முறை உச்சி வெயிலில் அவர் கூட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார், அப்போது கதவைச் சாத்துகிற வேலை தாசுக்கு. "வெளியில இருந்து பூட்டிட்டு ஓடிப்போயிடமாட்டீங்கள்ல?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஓட மாட்டேன் அக்கா என்று தாஸ் ஒவ்வொரு முறையும் சொல்வார். அது அவர்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒரு தடவை என்னிடம், "ஆளச் சந்தேகப்படறதுக்கு மின்னாடி நம்ம கைய இழுத்துப் பாத்திருக்கோணும், எஸ்தரு" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

போன ஆடியில் அவருக்கு முதல் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கவிதாவிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அது வியாழக்கிழமைதான் தெரிந்தது. இறந்தவருக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுத்துணி கொண்டுவந்து போர்த்துவார்கள், கோடி என்பார்கள். அதை உடன்பிறந்தவன் போட வேண்டும். அக்காவோடு பிறந்த ஆண்கள் யாரும் இல்லை. பங்காளி முறையில் ஒருவர் முன்னால் வந்தபோது கவிதா கையை நீட்டித் தடுத்தாள். "அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்றாள். "கோடி தாசு போடோணும். ஆனா கடைல எஸ்தரு இழுத்துப் பாத்து வாங்கோணும்."

தாஸ் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைவீதிக்கு இருவரும் போனோம். முதல் புடவையை வெள்ளைத் துண்டால் தேய்த்தேன், சாயம் ஒட்டியது. இரண்டாவதை இழுத்தேன், நெசவு நகர்ந்தது. மூன்றாவதின் ஓரத்தில் ஓர் இழை விட்டிருந்தது. கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, எரியப்போற துணிக்கு எதுக்குங்க இவ்வளவு?" என்று கேட்டார். தாஸ் என் பக்கம் திரும்பி, "நீ பாரு" என்றார். நான்காவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒரு பொட்டு கசியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, என் பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன். நின்றது.

தாஸ் அதைப் போர்த்தினார். நான் கால்மாட்டில் நின்று ஓரத்தைச் சரிசெய்தேன்.

இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினோம் அக்கா. நம்பிப் போங்க.